அபேக்கே பாடிய நன்றியுரை

"மேடம்... ஃபர்ஸ்ட் சாப்பாடு. தென் சாங். ஓகே?"

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஹரோவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் என் காதுபடக் கேட்ட வசனம் இது. சொன்னவர் நம் தமிழ் மன்றத்தின் செயலாளர் குணம் மாஸ்டர். யாரைப் பார்த்துச் சொன்னார் தெரியுமா? அபேக்கேயைப் பார்த்து!

அபேக்கே யார் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கேட்காதவர்கள் – அதாவது அவருடைய சிடியை வீட்டில் வைத்திருப்பவர்கள் – நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். இருபது வயதுக்கு மேல் லண்டனுக்கு வந்தவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். கிதாரைத் தொட்டால் ஜமைக்காவின் ரெகே தாளம். வாயைத் திறந்தால் சோல் இசை. இரண்டும் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று தாய்மொழியான யொரூபாவுக்குத் தாவிவிடுவார். பக்கத்தில் ஒருவர் மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பார். நம் உடுக்கையின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். அதை அமுக்கி அமுக்கி அடித்தால் யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலவே கேட்கும்.

தொடர்ந்து என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும் – எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் வளர்ந்த ஈப்போவில் என்னைப் பாட்டு வகுப்பில் சேர்த்த அம்மா, கொஞ்ச நாளிலேயே டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அப்படிப்பட்ட நான், மகள் என் தலையில் கட்டிய பழைய ஐபாடில் அபேக்கேயைக் கேட்டேன். மெட்ரோபாலிட்டன் லைனில், காலை நெரிசலில், நின்றபடி. ஃபின்ச்லி ரோடில் இறங்க வேண்டியவள் பேக்கர் ஸ்ட்ரீட்டில் போய் முழித்தேன்.

மழையில் ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அதுதான் பாட்டு. பஸ் வரவில்லை. ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் யொரூபாவில் ஒரே ஒரு வரி. "ஷே ஓ டி ஜேஉன்..." அந்தக் குரல் இருக்கிறதே – கெஞ்சாது, அழாது, சும்மா பக்கத்தில் வந்து நிற்கும். அர்த்தம் தெரியாமலே எனக்குத் தொண்டை அடைத்தது. பிரிவில் தவிக்கும் ஓர் ஆன்மாவின் கதறல் என்று இதே பக்கத்தில் எழுதியும் தொலைத்தேன். ஞாபகம் இருக்கிறதா?

சரி, இப்பேர்ப்பட்ட பாடகி நம் மன்ற ஆண்டு விழாவுக்கு எப்படி வந்தார்? அங்கேதான் சிவபாலன் அண்ணை வருகிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் குடியேறியவர். நம் கல்யாணங்கள், அரங்கேற்றங்கள் எல்லாவற்றுக்கும் மைக் செட் அவர்தான். ஆள் கறுப்பு, குரல் பெரிசு, மீசை அதைவிடப் பெரிசு. வாய்? அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிராங்க்பேர்ட்டில் ஒரு முறை தன் ஸ்பீக்கர் சத்தத்தில் ட்ராம் வண்டியே நின்றுவிட்டது என்பார். சிரித்தால் கோபம் வரும். சிரிக்காவிட்டால் இன்னொரு கதை வரும்.

அந்த வரிசையில் நாங்கள் கேட்ட கதைதான் அபேக்கே. "அவவின்ர ஷோவுக்கெல்லாம் நான்தான் சவுண்ட். நான் விரலைத் தூக்கினால்தான் அவவின்ர குரல் வெளியில வரும்" என்பார். ஒருவரும் நம்பவில்லை. நானும்தான். அள்ளி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வடையை எடுப்போம்.

மூன்று மாதத்துக்கு முன் மன்றத்தின் கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "இந்தமுறை ஆண்டு விழாவுக்கு அபேக்கேயைக் கூட்டிக்கொண்டு வாறன். என்ர சொல்லுக்கு அவ வருவா."

குணம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் பையனைப் பார்க்கும் அதே பார்வை. "அண்ணை, கோவிக்காதேங்கோ. போன முறை கமிஷனர் வாறார் எண்டு சொன்னனீங்கள். வந்தது உங்கட மச்சான்."

சபை கொல்லென்று சிரித்தது. சிவபாலன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் ரசிப்பதாக நினைத்துத்தான் அந்த மனுஷன் கதை சொல்லியிருக்கிறார் போல. நாங்கள் யாரும் நம்பியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"அவ வந்து பாடேல்லையெண்டால் இந்த மீசையை எடுக்கிறன்" என்றார் மெதுவாக. "அதுக்குப் பிறகு உந்த மன்றத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்."

இங்கேதான் நம் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை நடந்தது. 'இல்லை' என்றும் சொல்லவில்லை, 'சரி' என்றும் நம்பவில்லை. அழைப்பிதழில் கடைசி வரியாக, சின்ன எழுத்தில், "ஆபிரிக்கப் பாடகி ஒருவரும் வருகை தரக்கூடும்" என்று அச்சடித்துவிட்டார்கள். எப்படியும் வரமாட்டார், நிகழ்ச்சியில் ஏன் இடம் விட வேண்டும்? தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, பிள்ளைகளின் நடனம் என்று ஆறு மணி வரை நிரப்பிவிட்டார்கள். ஆறு மணிக்கு ஹாலைப் பூட்டிவிடுவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அபேக்கே வந்தார்.

இரண்டு மணிக்கு ஒரு பழைய வேனிலிருந்து கிதாரோடும் மேளக்காரரோடும் இறங்கி, நேரே உள்ளே நடந்து வந்து, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் சிவபாலன் அண்ணை. அவர் நடையைப் பார்க்க வேண்டுமே! மீசை தனியாக முன்னால் வருவது போல் இருந்தது. குணம் மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனுஷன் வாத்தியார் அல்லவா, சமாளித்துக்கொண்டு சொன்னார்: "வந்திட்டா, சரி. வந்து பாடுவா எண்டுதானே பந்தயம்?"

முதலில் பொன்னாடை போர்த்தினார்கள். நம் பொன்னாடையின் கதி உங்களுக்குத் தெரியும். போர்த்திய மறுநிமிஷம் மடித்து மடியில் வைத்துக்கொள்வோம், வீட்டுக்குப் போனதும் அலமாரி, அடுத்த விழாவில் வேறு யாருடைய தோளிலாவது ஏறும். என் வீட்டில் ஒரு பொன்னாடை இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறது.

அபேக்கே என்ன செய்தார்? அதை விரித்துப் பார்த்தார். சரிகையைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே, மேடையிலேயே, இரண்டு சுற்றுச் சுற்றித் தலையில் பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டார்! அவர்கள் ஊரில் விசேஷம் என்றால் பெண்கள் அப்படித்தான் தலைக்கட்டுக் கட்டுவார்களாம். ஹால் முழுக்க "ஆ" என்றது. அந்தத் துணி எதற்காக நெய்யப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. அவ்வளவு அழகு.

அதன் பிறகு மூன்று மணி நேரம் பேச்சு. ஒரு சொல் புரியாத அந்தப் பெண் தலைக்கட்டு சாயாமல் உட்கார்ந்து கேட்டார். எல்லோரும் கை தட்டியபோது கை தட்டினார். சிறப்புரைக்காரர் 'இறுதியாக' என்று சொன்னபோதும் தட்டினார். பாவம், அது நான்கு முறை வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஐந்தேகால். பக்கத்துக் கான்டீன் அறையிலிருந்து ஆட்டிறைச்சிக் கறி வாசனை வந்தது. வாழ்த்துரைக்காரரின் குரல் தழுதழுத்தது – தமிழுக்காகவா, கறிக்காகவா, தெரியாது. குணம் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சாப்பிட வாங்கோ, சாப்பாடு ஆறிப் போகும்" என்றார். அவ்வளவுதான். நம் ஜனம் எந்த உரைக்கும் காட்டாத சுறுசுறுப்போடு எழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாற்காலிகள் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் அந்த வசனம். "மேடம்... ஃபர்ஸ்ட் சாப்பாடு. தென் சாங். ஓகே?"

ஹாலின் பின்பக்கம், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையிலிருந்து சிவபாலன் அண்ணை பாய்ந்து வந்தார். "என்ன மாஸ்டர் விளையாடுறியளே? சாப்பிட்டு முடிய ஆறு மணி. ஆருக்குப் பாடுறது, கதிரையளுக்கோ?"

"பிள்ளையள் பசியோட நிக்குதுகள் அண்ணை. நான் என்ன செய்ய ஏலும்?"

"அவ ஒரு ஷோவை விட்டுப்போட்டு வந்தவ! எனக்காண்டி வந்தவ!"

குணம் மாஸ்டர் கையைப் பிசைந்தார். அவருக்கும் தர்மசங்கடம்தான். சிவபாலன் அண்ணையோ குலைந்து போய் நின்றார். மீசை போகட்டும், முளைத்துவிடும். தன்னை நம்பி வந்தவருக்குத் தன் ஜனமே இப்படிச் செய்துவிட்டதே – அதை அவர் எங்கே போய்ச் சொல்வார்? வாசலில் வேறு, கேர்டேக்கர் ட்ரெவர் சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டார். ஜமைக்காக்காரர். சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு எனக்கு. எப்போதும் எனக்குத்தான். கவுன்சில் வீட்டு வசதிப் பிரிவில் வேலை பார்ப்பதால் மன்னிப்புக் கேட்பதில் நல்ல பயிற்சி உண்டு. அபேக்கேயிடம் போய், "தப்பா எடுத்துக்காதீங்க... எங்க ஆளுங்க இப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் இழுத்தேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எதற்கு மன்னிப்பு? பதினாறு வயதிலிருந்து என் மாமாவின் இசைக்குழுவில் பாடினேன். லாகோஸில் கல்யாணம், பெயர் சூட்டு விழா, எல்லாம். ஒருவரும் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்ததில்லை. சாப்பிடுவார்கள், பேசுவார்கள், ஆடுவார்கள். லண்டனில் முதல் முறை பாடியபோது எல்லோரும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கோபம் என்று நினைத்து நடுங்கிவிட்டேன்."

பிறகு கான்டீன் பக்கம் கையைக் காட்டினார். "அங்கே இருப்பவர்கள் யார் யார்? பெயர் வேண்டும். ஊர் வேண்டும். என்ன செய்தார்கள் என்று வேண்டும். எங்கள் ஊரில் விருந்தில் பாடுகிறவளின் வேலையே அதுதான் – வந்தவர்களின் பெயரைப் பாடுவது."

நான் வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் இல்லை. சிவா அண்ணை சொல்வார். அவர் சொன்னால்தான் எனக்குக் கேட்கும்." 'அண்ணை' என்ற சொல் சுத்தமான யாழ்ப்பாண உச்சரிப்பில் வந்தது.

அண்ணை அவருக்குப் பெயர் சொன்னது எப்படி என்று விளக்க வேண்டும். பாடகர்கள் காதுக்குள் ஒரு குட்டி இயர்போன் வைத்திருப்பார்கள். மிக்ஸர் மேசையில் ஒரு சின்ன மைக் இருக்கும். சவுண்ட்காரர் அதில் பேசினால் பாடகருக்கு மட்டும் கேட்கும், நமக்குக் கேட்காது. சிவபாலன் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் பெரிய ஸ்பீக்கர்களைக் கான்டீன் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அவர் மேசைக்குத் திரும்பினார். அங்கிருந்து திறந்த கதவு வழியாகச் சாப்பாட்டு வரிசை முழுக்கத் தெரியும். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மேளக்காரர் முதலில் போனார். டுண்... டுடுண்... வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பினார்கள். பின்னால் அபேக்கே, தலையில் நம் பொன்னாடை, தோளில் கிதார். அந்த மழைப் பாட்டைத்தான் எடுத்தார். ஆனால் நேரே அந்த வரிக்கு வந்தார். "ஷே ஓ டி ஜேஉன்..." பாடிவிட்டு, சோற்றுத் தட்டோடு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னார்.

"என் அம்மா போனில் கேட்கிற முதல் கேள்வி இது. 'சாப்பிட்டியா?'"

ஆன்மாவின் கதறலாம்! அந்த இடத்திலேயே எனக்குப் பூமி பிளந்து வழி விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மழையில், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, எட்டாத தூரத்திலிருந்து வரும் ஒரே குரல் அது. தொண்டை அடைத்தது சரிதான். எனக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே சிவபாலன் அண்ணை குனிந்து, குட்டி மைக்கில் தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "தங்கச்சி, கரண்டியோட நிக்கிறது இராசமலர். ஊர் கைதடி. விடிய முதல் எழும்பி இறைச்சி காய்ச்சினவ. முழங்கால் நோவு. ஒருத்தருக்கும் சொல்லமாட்டா."

அடுத்த நொடி ஸ்பீக்கரில் ஆங்கிலப் பாட்டாக வந்தது. இராசமலர்... கைதடியின் மகள்... ஊர் தூங்கும்போது அடுப்பை எழுப்பியவளே... உன் முழங்காலைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்... ரெகே தாளம் சாய்ந்து சாய்ந்து வந்தது. மேளம் அந்தப் பெயரையே திருப்பிச் சொன்னது: டு-டுண்-டு-டு-டுண். இராசமலர் அக்கா கரண்டியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அழுதார் என்றும் சொல்லலாம்.

பெயர் மேல் பெயர். நாற்காலி அடுக்கியவர். பிள்ளைகளுக்கு முகப்பூச்சுப் பூசியவர். சவுத்தாலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். என் பெயரும் வந்தது. அண்ணை என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே மைக்கில் சொன்னது: "இது ஈப்போ. எங்களைப் பற்றிப் பேப்பரில எழுதுறவ. கவனம்." அதையும் ராகம் போட்டுப் பாடினார்!

இன்னொரு விஷயம் கவனித்தேன். நம் விழாக்களில் நன்றியுரை என்றால் என்ன? கழற்றிப் போட்ட குளிர் கோட்டைத் தேடும் நேரம். இங்கே? ஒருவரும் அசையவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கறிக்காக ஓடிய அதே ஜனம், தன் பெயர் வருமா என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. மேடையில் இருப்பவர்களுக்கு மூன்று மணி நேரம் மரியாதை செய்தோம். தட்டேந்தி நின்றவர்களுக்கு அந்தப் பெண்தான் செய்தார்.

ஆறு மணி ஆனது. ட்ரெவர் சாவிக்கொத்தை ஆட்டினார். "தங்கச்சி, வாசலில ட்ரெவர்" என்றார் அண்ணை. "ஊர் கிங்ஸ்டன். எங்கட பிள்ளையள் கொட்டுற பாயாசத்தையெல்லாம் இவர்தான் துடைக்கிறவர்." பெயர் வந்தது. கிங்ஸ்டன் வந்தது. கிதார் ஒரு துள்ளுத் துள்ளியது. ட்ரெவரின் இடது தோள் மெல்ல அசைந்தது. பிறகு வலது தோள். பிறகு சாவிக்கொத்தே தாளம் போட்டது! கால் மணி நேரம் எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

மிச்சம் ஒருவர். குணம் மாஸ்டர் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். தன் பெயர் வராது என்பது அவருக்குத் தெரியும். பெயர்களை எடுத்துக் கொடுப்பது யார் என்றும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிவபாலன் அண்ணை பேசவில்லை. அபேக்கே காதைத் தொட்டுப் பார்த்தார். மேளம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் – எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணை மீசையை ஒரு தடவை நீவினார். குனிந்தார்.

"குணரத்தினம் மாஸ்டர். ஊர் கரவெட்டி. பனியெண்டாலும் மழையெண்டாலும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து நிற்பார். என்ர ரெண்டு பிள்ளையளும் தங்கட பேரைத் தமிழில எழுதுகினம் எண்டால், அது இவராலை."

பாட்டு அவரைப் போய்த் தொட்டது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல.

"அவ்வளவுதான் தங்கச்சி. எல்லாரும் முடிஞ்சுது. முடி" என்றார் அண்ணை.

அபேக்கே முடிக்கவில்லை. இயர்போனைக் காதிலிருந்து கழற்றித் தோளில் தொங்கவிட்டார். இனி யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்பது போல. கான்டீன் கதவுக்கு வந்து, காலி நாற்காலிகளைத் தாண்டி, மிக்ஸர் மேசையைப் பார்த்து நின்றார்.

சிவபாலன்... அண்ணை... அச்சுவேலி... பொன்னம்மாவின் மூத்த மகன். வேனில், மோட்டார்வேயில், மழையில், அம்மாவின் கதையை எனக்குச் சொன்னவன். என் குரல் உடைந்த அன்று, ஒருவருக்கும் தெரியாமல் என் குரலைத் தூக்கிப் பிடித்தவன். இவன் விரலைத் தூக்கினால்தான்... என் குரல் வெளியில் வரும்.

வார்த்தைக்கு வார்த்தை அதுவேதான்! எத்தனை விருந்துகளில், எத்தனை வடைகளுக்கு நடுவில், நாங்கள் கேட்டுச் சிரித்த அதே வாக்கியம். எங்களுக்கு நேரே, ஒலிபெருக்கியில், அபேக்கேயின் வாயிலிருந்து வந்தது. தட்டோடு நின்ற அத்தனை பேரும் திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தார்கள். முதலில் கை தட்டியது குணம் மாஸ்டர்.

வாய் ஓயாத மனுஷன், நன்றாக இருந்த ஏதோ ஒரு வயரைச் சரிசெய்கிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மீசை தப்பியது. கொஞ்சம் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.